இறுதி ஆட்டத்தில் சித்தி

சித்தி இந்திய அணிக்குப் போகிறாள் என்று நான் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் "கிரிக்கெட்டா?" என்றார்கள். எறிபந்து என்றதும் பாதிப் பேர் திரும்பிக்கொண்டார்கள். அண்டை நாடுகளெல்லாம் வருகிற போட்டி, கோயம்புத்தூரில் நடக்கிறது என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அம்மாவின் தங்கை அவள். வேலம்பாளையத்தில் எங்களோடு தங்கி, பனியன் கம்பெனியில் டைலராக இருந்தாள். இறுதி ஆட்டத்தன்று அம்மாவும் நானும் விடிந்ததுமே பஸ் ஏறினோம். அரங்கத்துக்குப் பின்னால் குழாயடியில் சித்தி காத்திருந்தாள். முந்தைய நாள் ஆட்டத்தில் பந்து இடது ஆள்காட்டி விரல் நுனியில் குத்தியிருந்தது. அதை நடுவிரலோடு சேர்த்து அம்மா வெள்ளை டேப்பால் சுற்றினாள்.

"கோச்கிட்ட சொல்லிரு புள்ள. விரல் போச்சுன்னா மெசின்ல எப்படி உக்காருவே?"

"சொன்னா வெளிய உக்கார வெச்சிருவாங்கக்கா. இன்னைக்கு ஒரு நாள்தானுங்க."

எனக்கு அந்த டேப் மிகவும் பிடித்துப்போய், என் விரலுக்கும் ஒரு சுற்று அழுது வாங்கிக்கொண்டேன்.

இலங்கையோடு ஆட்டம். முதல் செட் நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மாற்று ஆட்டக்காரியான சித்தி பெஞ்சிலேயே இருந்தாள். "எங்க சித்திய எறக்குங்க!" என்று நான் கத்தக் கத்த, அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"சும்மா இரு கண்ணு."

அவள் உதடுகள் எதையோ முணுமுணுத்தபடி இருந்தன. அவளுக்கும் என் வேண்டுதல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி செட் முடியப்போகும் நேரம், நாம் ஒரு புள்ளி முன்னால் இருந்தபோது, நம் அணியில் ஒருத்தி கால் பிசகி விழுந்தாள். சித்தியைக் கூப்பிட்டார்கள். நான் குதித்தேன், அம்மா கண்களை மூடிக்கொண்டாள். எறிபந்தில் தட்டிவிட முடியாது, இரண்டு கையாலும் பிடித்தே ஆக வேண்டும். முதல் பந்தே சித்தியிடம் வந்தது. நழுவவிட்டாள். ஸ்கோர் சமமாகிவிட்டது. எதிரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது போலும், அடுத்த பந்தும் அவளை நோக்கியே வந்தது. பிடித்தாள். பிடித்த வேகத்தில் எறிந்தாள். எல்லைக்கோட்டு மூலையில் போய் விழுந்தது. அடுத்த புள்ளியும் நமக்கே, ஆட்டமும் நமக்கே.

ஆட்டம் முடிந்து, மேளச் சத்தத்துக்கு நடுவே சித்தி ஓடிவந்தாள். பதக்கத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.

"ஜெயிச்சாச்சுங்கக்கா!"

அம்மா பதக்கத்தைப் பார்க்கவே இல்லை. அவசரமாக டேப்பைப் பிரித்தாள்.

"மடக்கு, பாக்கலாம்."

நடுவிரல் மடங்கியது. ஆள்காட்டி விரல் நீட்டியபடியே நின்றது. சித்தி சிரித்துக்கொண்டே இன்னொரு முறை முயன்றாள். பிறகு சிரிக்கவில்லை.

"அடுத்த மேட்ச் எப்பங்க சித்தி?" என்றேன்.

அம்மா டேப்பை மறுபடியும் சுற்றத் தொடங்கினாள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் உரக்கக் கேட்டேன்.