பாணை விட்டேன், அப்பத்தில் அகப்பட்டேன்

பதினொரு பிள்ளைகளைப் பள்ளிக்கூட வானில் ஏற்றிக்கொண்டு ஓடும்போது நான் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டேன். முழுத் தூக்கமில்லை, இரண்டு மூன்று செக்கன்தான் இருக்கும். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தபோது வான் இருபாலைச் சந்தியைத் தாண்டி வீதியின் வலது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒன்றும் வரவில்லை. அதில் என் கெட்டித்தனம் எதுவுமில்லை. பிள்ளைகள் கவனிக்கவில்லை, அன்றைக்குச் சோதனை, எல்லாரும் கொப்பியும் கையுமாக இருந்தார்கள். நான் வானை ஓரங்கட்டிவிட்டு, சில்லுக்குக் காற்றுப் பார்க்கிறவன் போல இறங்கி நின்றேன். நல்லாயிருந்த சில்லை நாலு தரம் உதைத்துப் பார்த்தேன்.

குளிசைதான் காரணம். ஒரு வருடமாக எனக்கு உடம்பில் தடிப்பு. கை, வயிறு, முதுகு என்று நினைத்த இடத்தில் சிவந்து வீங்கும், சொறியச் சொறியப் பரவும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடங்கிவிடும். அதற்குத் தந்த குளிசையைப் போட்டால் தடிப்பும் அடங்கும், நானும் அடங்கிவிடுவேன். இதைப் போட்டால் வாகனம் ஓடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லித்தான் தந்தார்கள். இருபது வருடமாக நீர்வேலியிலிருந்து நல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன் நான். எனக்கா இந்தப் புத்தி சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது என் பிறவிக் குணம்.

அன்று பின்னேரமே வான் திறப்பை மனைவியின் தம்பியிடம் கொடுத்து, கொஞ்ச நாள் நீ ஓடு என்றேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் எனக்கு உடம்பு சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். கண்ணயர்ந்த கதையை மனைவிக்கும் சொல்லவில்லை. வெட்கம் பாதி, பயம் பாதி.

தோல் கிளினிக்கில் இருந்த டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. நான் மூன்று நாளில் சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினார். எழுதி முடிய அந்தத் தாளை எனக்கே திருப்பிக் காட்டினார். காலமை பாண், பத்து மணிக்குப் பணிஸ், பின்னேரம் றோல்ஸ், இரவு பாண். எல்லாம் பேக்கரிச் சாமான்.

"சோறு எண்டு ஒரு சாமான் இருக்கிறது தெரியுமோ?" என்று கேட்டார்.

"மத்தியானம் சாப்பிடுறனான், டொக்டர்."

"சிலருக்கு இந்தத் தடிப்பு ஈஸ்டாலையும் வரும். உங்களுக்கு அதுதான் எண்டு நிச்சயமாச் சொல்லேலாது. ஆறு கிழமை, நாப்பத்திரண்டு நாள், விட்டுப் பாப்பம். பாண், பணிஸ், றோல்ஸ் வேண்டாம். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைச்ச மா வேண்டாம். வினாகிரி, பியர், கள்ளு ஒண்டும் வேண்டாம். குளிசையையும் நிப்பாட்டுங்கோ. தடிப்பில்லாமல் இருந்தால் வான் ஓடலாம்."

"தடிப்பு இருந்தால்?"

"பிறகும் வந்தால் குளிசை தொடர்ந்து போடத்தான் வேணும். வேறை வேலைதான் பாக்கவேண்டி வரும்."

பியர், கள்ளு என்ற இடத்தில் நான் காது கொடுக்கவில்லை. நான் குடிக்காதவன். குடிகாரருக்குச் சொல்லும் புத்திமதி நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

மற்றதெல்லாம் தலையில் நன்றாக ஏறியது. பிரச்சினை என்னவென்றால், எங்கள் வீட்டில் பாண்தான் நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்தது. மனைவிக்குக் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவளிடம் இடியப்பம் பிழிந்து தா என்று கேட்கிற துணிச்சல் எனக்கில்லை. பின்னேரம் பேக்கரி ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். ஒரு றாத்தல் பாண் வாங்கினால் இரவுக்கும் காலைக்கும் யோசனை இல்லை. இனி நானே சமைக்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் எனக்குத் தேத்தண்ணி மட்டும்தான் போடத் தெரிந்திருந்தது.

முதல் நாள் ரொட்டி சுட்டேன். தண்ணீர் கூடிப்போய், மா கையை விட மாட்டேன் என்றது. அதற்கு மா போட்டேன். இறுகிப்போனது. அதற்குத் தண்ணீர் விட்டேன். இப்படியே இரண்டு பேருக்குப் பிசையத் தொடங்கியது ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமளவுக்கு வளர்ந்தது. வேலையால் வந்த மனைவி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தடிப்புப் போறதுக்கு முன்னம் எனக்குப் பல்லுப் போயிடும்."

பிறகு அவளே சொல்லித்தந்தாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும். மாவில் பாதியளவு துருவிய தேங்காய்ப்பூ போட வேண்டும். அதுதான் ரொட்டியை மெதுமையாக்குவது. உப்பு, அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய். கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டித் தட்டித் தோசைக்கல்லில் போட வேண்டியதுதான். ஒரு கிழமையில் இருபது நிமிடத்துக்குள் நாலு ரொட்டி சுடும் ஆளாகிவிட்டேன். ரொட்டி வேகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பால் சொதியும் கொதிக்கும். பால் திரையாமல் இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுகிற அந்த நேரம் எனக்குப் பிடித்துப்போனது. வானில் கிளச்சை விடுகிற நேரம் மாதிரி அது, பிசகினால் எல்லாம் குலுங்கிவிடும்.

ஒன்று பிடிபட்டதும் ஆசை கூடியது. மரவள்ளிக் கிழங்கை உரித்து அவியப் போட்டுவிட்டு முற்றம் கூட்டி முடித்தால் கிழங்கு தயார். பச்சைமிளகாய்ச் சம்பல் ஒரு கரண்டி இருந்தால் அது ஒரு ராச சாப்பாடு. இரவு ஊறப்போட்ட பயறு காலையில் ஒரு கொதியில் அவியும், தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கிளறி இரண்டு கதலிப்பழத்தோடு சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. வறுத்த அரிசிமா வீட்டில் எப்போதும் இருக்கும். அதற்குக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, தகரப் பேணியால் கொத்தி, நீத்துப்பெட்டி என்கிற ஓலைப் பெட்டியில் போட்டு ஆவியில் அவித்தால் பிட்டு. எனக்கு முதலில் அது கட்டி கட்டியாகத்தான் வந்தது. கட்டிகளை மனைவியின் கண்ணில் படாமல் அடியில் ஒளித்து வைத்தேன். அவள் அடியிலிருந்துதான் எடுத்தாள்.

இவ்வளவும் ஊரிலேயே கிடந்த சாப்பாடு. ஒன்றில்கூட ஈஸ்ட் இல்லை. இத்தனை வருடமும் இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பேக்கரி ஓட்டோவின் பாட்டுக்கு ஓடியிருக்கிறேன் என்று நினைக்க என்மேலேயே கோபம் வந்தது.

மூன்றாம் கிழமை தடிப்பு குறைந்தது. நாலாம் கிழமை ஒரு நாள்கூட வரவில்லை. குளிசையும் இல்லை. சட்டையைக் கழற்றிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசமாக என் முதுகை நான் பார்த்ததேயில்லை.

ஐந்தாம் கிழமையில்தான் அப்பம் குறுக்கிட்டது. எங்கள் சந்தியில் பின்னேரங்களில் அப்பம் சுட்டு விற்கிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவளின் மகள் ஆறாம் வகுப்பு, என் வானில் போகிற பிள்ளை. நான் சைக்கிளில் போனதைக் கண்டு கூப்பிட்டாள்.

"அண்ணை, உங்களுக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாதாம் எண்டு உங்கடை மச்சான் வானிலை சொன்னவராம், பிள்ளை வந்து சொன்னது. நான் ஈஸ்ட் போடுறேல்லை. அந்தப் பைக்கற்றே எனக்குப் பிடிக்காது. இருந்து சாப்பிடுங்கோ."

ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த மா என்றுதானே டொக்டர் சொன்னார்? இவள் போடவில்லையே. நான் இருந்தேன். கரை மொறுமொறுவென்று, நடு பஞ்சு மாதிரி மூன்று வெள்ளையப்பம், இரண்டு பாலப்பம். அடுத்த நாளும் போனேன். அந்த அப்பம் எப்படிப் பொங்கியது என்று கேட்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வாய் நிறைய இருந்தது.

மூன்றாம் நாள் விடிய முதுகு முழுக்கத் தடிப்பு. கழுத்து, காது மடல்கூட வீங்கிப்போனது. ஐந்து கிழமை மாப்பிசைந்தது வீண், ஈஸ்டும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, இது என் உடம்போடு வந்த சனியன் என்று முடிவு கட்டினேன். குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். எழும்பியதும் மனைவியின் தம்பியிடம் போய், இனி வானை நீயே ஓடு என்று சொன்னேன். அவன் நிலத்தைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று திரும்பி நடந்தேன்.

இனி நான் வரமாட்டேன் என்று பெற்றோருக்குச் சொல்லவேண்டுமே. முதலில் சந்திக்குத்தான் போனேன். அப்பக்காரத் தங்கச்சி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த ஒரு போத்தலின் மூடியைத் திறந்து மாவுக்குள் ஊற்றினாள். மணம் மூக்கில் ஏறியது.

"அதென்ன?"

"கள்ளு, அண்ணை. காலமை இறக்கினது. இது விடாட்டி அப்பம் பொங்குமே?"

டொக்டர் சொன்னபோது நான் காது கொடுக்காமல் விட்ட சொல் அப்போதுதான் காதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்று எழுத விரும்பவில்லை. ஈஸ்ட் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஊட்டிவிட்டாயே என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"ஈஸ்ட் கடையிலை விக்கிறது, அண்ணை. இது மரத்திலை இருந்து வாறது. இது என்னண்டு ஈஸ்ட்?" என்று அவள் திகைத்துப்போய்க் கேட்டாள். அது எனக்கும் தெரியாதது இன்னும் கோபத்தைக் கூட்டியது. விறுவிறென்று வந்துவிட்டேன்.

கிளினிக்கில் டொக்டர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பேனையை வைத்துச் சிரித்தார்.

"பைக்கற்றிலை வாறது மட்டும் ஈஸ்ட் இல்லை, ஐயா. கள்ளு நுரைக்கிறதே அதாலைதான். ஊரிலை எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம், அப்பத்துக்கு ஈஸ்ட் போடேல்லை, கள்ளுத்தான் விட்டனாங்கள் எண்டு."

"அப்ப என்ரை வான்?"

"ஏன் முகத்தைத் தொங்கப் போடுறியள்? விட்டனீங்கள், தடிப்பு மாறினது. சாப்பிட்டனீங்கள், வந்தது. ஆறு கிழமை முடிய நானே கொஞ்சம் சாப்பிடச் சொல்லிப் பாத்திருப்பன். அந்த வேலையை அந்தத் தங்கச்சி செய்து தந்திட்டா. இன்னும் ரெண்டு கிழமை ரொட்டியும் பிட்டும் சாப்பிடுங்கோ. குளிசை இல்லாமல், தடிப்பும் இல்லாமல் இருந்தால் வானை எடுங்கோ."

ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து நின்று கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். ஒரு வருடமாக என் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. அதைப்போல நிம்மதி வேறில்லை.

இரண்டு கிழமையும் ஒரு தடிப்புக்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்திக்குப் போனேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் போனேன். அவள் என்னைக் கண்டதும் அகப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, என்ரை பிள்ளையை ஒவ்வொரு நாளும் பத்திரமாக் கொண்டுபோய்க் கொண்டு வாறனீங்கள். உங்களுக்கு நான் நஞ்சு வைச்ச மாதிரிப் போச்சு. ரெண்டு கிழமையா எனக்கு நித்திரையில்லை."

பத்திரமாக என்ற அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. மனைவிக்கும் சொல்லாததை அந்த அடுப்பங்கரையில் வைத்து அவளுக்குச் சொன்னேன். குளிசை போட்டுக்கொண்டு ஓடியதை, இருபாலையில் கண்ணயர்ந்ததை, அவளின் பிள்ளை எனக்கு நேர் பின்னால் இருந்ததை, சில்லுப் பார்ப்பதுபோல நடித்ததை, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

தாச்சியில் கிடந்த அப்பம் கருகி மணத்தது. அவள் அதைச் சுரண்டி எடுத்து எறிந்தாள், தாச்சியைத் துணியால் துடைத்தாள், அடுப்பைத் தணித்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. நான் போகத் திரும்பினேன்.

"அந்தக் குளிசை இப்ப போடுறியளோ?"

"இல்லை. ரெண்டு கிழமையா ஒண்டும் இல்லை. இனிப் போட்டால் வானிலை ஏறமாட்டன்."

அவள் தணித்த அடுப்பைத் திரும்பவும் தூண்டினாள்.

"திங்கக்கிழமை எத்தினை மணிக்கு வருவியள்?"

ஆறு பத்துக்கு என்றேன்.

"அப்ப ஆறு மணிக்கே பிள்ளையைக் கேற்றடியிலை விடுறன்," என்று சொல்லிவிட்டு அடுத்த அப்பத்துக்கு மா எடுத்தாள்.