கலைமணி சொன்ன ஒரே பொய்

மொரப்பூரில் ரவிக்கை தைக்கும் கலைமணிக்கு ஓட்டைவாய் என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. அளவு கொடுக்க வந்தவள் "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று சொன்ன கல்யாணச் சேதி, அடுத்த ரயிலில் பொம்மிடி போய்ச் சேர்ந்துவிடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. நல்ல சேதியை உள்ளே வைத்துக்கொண்டு அவரால் சோறு தின்ன முடியாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் வாயில் போய் மகள் சுசித்ராவின் வேலை மாட்டிக்கொண்டது. ராணுவத்துக்குக் கருவிகள் செய்கிற அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் தேர்வாகியிருந்தாள். வீடு தேடி வந்து விசாரித்து, நம்பகமான குடும்பம்தான் என்று மேலிடம் ஒப்புக்கொண்டால்தான் வேலை நிலைக்கும். சிங்கப்பூரில் இருக்கும் அவள் அண்ணன் இளம்பரிதி கட்டியிருப்பதோ சீன நாட்டுப் பெண்ணை.

"அண்ணியப் பத்தி எல்லாம் எழுதிக் குடுத்துட்டேம்மா. கேட்டா உள்ளதச் சொல்லு" என்று சுசித்ரா போனில் சொல்லியிருந்தாள். கலைமணியின் அண்ணன் மதியழகன் சும்மா இருப்பாரா? "எழுதுனது எழுதுனதா கெடக்கட்டும் கலை. நீ வாயால சைனான்னு சொன்னா வந்தவன் அப்படியே திரும்பிப் போயிருவான்" என்று கிலியைக் கிளப்பிவிட்டார். கலைமணி பயந்துபோனார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை மறைப்பது என்று முடிவு செய்தார்.

விசாரணை அதிகாரி தீர்த்தகிரி வந்தார். மோர் குடித்தார். மகளைப் பற்றியும் மகனைப் பற்றியும் கேட்டார்.

"மருமக எந்த ஊருங்க?"

"சேலம் பக்கங்க."

அதிகாரியின் பேனா நின்றது. மகள் எழுதியது ஒன்று, பெற்றவள் சொல்வது ஒன்று. "சேலத்துல எங்கங்க?" என்றார். கலைமணி வாய்க்கு வந்தபடி ஆத்தூர் என்றார். அதிகாரி முகம் மாறாமல், "பேரப் புள்ளைங்க உண்டா?" என்று அடுத்ததைக் கேட்டார்.

அங்கேதான் எல்லாம் போச்சு. பேத்தி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பேத்திங்க. நெறம் அவங்கம்மா மாதிரி, மூக்கு எங்க வூட்டு மூக்கு. நாங்க யாழினின்னு வெச்சோம். சீனாவுல அவங்க வெச்ச பேரு எனக்கு வாயில நொழயலீங்க..."

கலைமணி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "பொய் சொல்லிட்டேங்க. எம் மருமக சீனாதாங்க. அதுக்காக எம் பொண்ணு வேலயக் கெடுத்துறாதீங்க."

தீர்த்தகிரி சிரித்துவிட்டார். "சீனான்னு முன்னாடியே தெரியுங்கம்மா. ஏன் மறைக்கறீங்கன்னுதான் யோசன. ஆத்தூரோட நிறுத்தியிருந்தா மறைக்கறாங்கன்னே எழுதிட்டுப் போயிருப்பேன். முடிவு எங் கையில இல்ல. நீங்களே திருத்திச் சொன்னதயும் எழுதிடறேன். மருமககூடப் பேசுவீங்களா?"

"தெனமும். அவ பாஷ எனக்குத் தெரியாது, எம் பாஷ அவளுக்குத் தெரியாது. ஆனா நேரம் போறதே தெரியாதுங்க."

"நாளைக்கி உங்க பொண்ணு ஆபீஸ் விஷயத்த உங்ககிட்ட சொன்னா?"

"எங்கிட்டயா? ஊர்ல கேட்டுப் பாருங்க. எங்கிட்ட ஒரு தடவ ரகசியம் சொன்ன ஆளு மறு தடவ சொல்றதில்லீங்க. எம் பொண்ணுக்கு அது நல்லாவே தெரியும்."

சில மாதங்களில் வேலை உறுதி என்று உத்தரவு வந்தது. லீவில் வரும் சுசித்ரா வேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. முதலில் கலைமணிக்கு வருத்தம்தான். இப்போது அதைச் சொல்லாமல் அவரால் ஒரு ரவிக்கைக்கு அளவெடுக்க முடியாது: "எம் பொண்ணு அங்க என்ன செய்யறான்னு பெத்தவ எனக்கே தெரியாது. அவ்வளவு பெரிய வேல."