அத்தைக்கு வந்த துண்டுக் காகிதம்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம் நான் நாலாம் வகுப்பு. கவுன்சிலர் சீட் என் அத்தைக்குத்தான் என்று எங்கள் காளவாசல் பகுதி முழுக்கப் பேச்சு. அப்பாவின் அக்காவான அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கட்சி மேடையில் மைக்கைப் பிடித்தால், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூடக் குழாயை மூடிவிட்டுக் கேட்பார். சாயங்காலம் நான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன்; ஒரு தடவை போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போன எனக்கு அதில் தலைக்கனமும் உண்டு.

அந்தச் சமயம் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர், ஆரப்பாளையத்து லாட்ஜில் யாரோ ஒரு பெண்ணுடன் மாட்டிக்கொண்டார். எங்கள் கட்சிக்குத் திருவிழாதான். கண்டனக் கூட்டம் போட்டார்கள். "தாய்க்குலம் பேசுனாத்தேன் எடுபடும். கிழிச்சிரணும்க்கா" என்று வட்டச் செயலாளர் அத்தையை மேடையேற்றினார். நானும் கூடவே ஏறி அவள் நாற்காலியை ஒட்டிக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை கிழித்தாள். கைதட்டல் அடங்கியதும் குரலை இறக்கினாள்.

"அவரு செஞ்சது தப்புத்தேன். நம்ம வட்டச் செயலாளர் அண்ணே, தன்னோட அப்பளக் கம்பெனில வேல பாத்த பிள்ளைட்ட தப்பா நடந்துக்கிட்டது மட்டும் என்னவாம்? அது எங்கிட்ட வந்து அம்புட்டு அழுகை அழுதுச்சு. கட்சி ஆபீசுல போய்ச் சொன்னேன். 'அது அவரு சொந்த விசயம்'னாங்க. எதிர்க்கட்சிக்காரன் செஞ்சா ஊர் விசயம், நம்மாளு செஞ்சா சொந்த விசயமாண்ணே?"

பேச்சாளரை நிறுத்த, துண்டுக் காகிதத்தில் ரெண்டு வரி எழுதிக் கொடுப்பது மேடை வழக்கம். வட்டச் செயலாளரும் அவசரமாக எழுதி நீட்டினார். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது என்பது பதற்றத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. அவள் அதை மடித்து இடுப்பில் செருகியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, மைக்கை என் உயரத்துக்கு இறக்கினாள்.

"மாப்ள, சத்தமா வாசி."

வாத்தியார் சொல்லித் தந்தபடி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்: "இத்தோட நிறுத்து. இன்னொரு வார்த்தை பேசினா கவுன்சிலர் சீட் கிடையாது."

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது.

"கேட்டீங்கள்ல? அந்தப் பிள்ளைக்கு ஞாயம் வேணும்ணே. இம்புட்டுத்தேன், வாரேன்" என்று கும்பிட்டுவிட்டு அத்தை இறங்கினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "எப்பிடி அத்தே வாசிச்சேன்?"

"ஒரு எழுத்து முழுங்கல மாப்ள." என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். மைக்கில் வாசித்த பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சீட் வட்டச் செயலாளரின் மனைவிக்குப் போனது. வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் போல என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த தேர்தலுக்குள் அத்தையைப் படிப்பில் தேற்றிவிடலாம் என்று என் பழைய சிலேட்டைத் தேடியெடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த 'அ'வின் மேலேயே எழுத ஆரம்பித்தாள்.