திரையைத் தடவிப் பார்த்தவர்

ஆம்பூர் பிரவுசிங் சென்டரில் அன்று நானும் ஷூ கம்பெனி பேட்டர்ன் மாஸ்டரும் மட்டும் இருந்தோம். கடைக்கார பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஆன்லைனில் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை, வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஷூ வரைந்து அனுப்புவது. அவருக்குப் பிடித்தால்தான் அடுத்தது வரும். மாஸ்டர் வரைந்ததை நான் திரையில் காட்டினேன். அவர் கண்ணை மூடி, தோலைச் சோதிப்பதுபோல அதைக் கட்டைவிரலால் தடவினார்.

“இன்னா மாஸ்டர், அது கண்ணாடி!”

“அதான் தம்பி பேஜாரு. தொட்டுப் பாக்காம எவன் நம்புவான்?”

மறுவாரம் ஒற்றை ஷூவைத் தைத்தே கொண்டுவந்தார். கையில் அது தூங்கும் பூனைக்குட்டிபோல இருந்தது. படம் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, படத்தையும் ஷூவையும் அனுப்பினோம்.

அடுத்த வேலை வந்தது. படத்துக்காகவா, ஷூவுக்காகவா, இன்றும் தெரியவில்லை. முதல் வேலைக்குக் கூலி இரண்டாயிரம், ஷூவை அனுப்பிய கூரியருக்கு ஆனது நாலாயிரத்து இருநூறு.