செருப்பைக் கையில் தூக்காதவள்

இந்த நாட்டில் படுக்கையறை வரைக்கும் ஷூவோடு வருவார்கள். பிரான்சுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது ஆகாது. குழாய் ரிப்பேருக்கு வருகிறவரை வாசலில் நிறுத்தி, "ஷூவைக் கழற்றுங்கள், மெஸ்யோ" என்றால், பேன்ட்டையே கழற்றச் சொன்னதுபோல விழிக்கிறார். விழிக்கட்டும்! வீடு என் வீடு.

போன வருஷம் ஊரிலிருந்து அம்மா வந்தாள். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் புடவை மடித்தே என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தவள். அப்பாவின் முதல் நினைவு நாளன்று, முழங்கால் போட ஒரு கோயில் வேண்டும் என்றாள். நாங்கள் தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். இங்கே குன்றின்மேல் ஒரு கான்கிரீட் தேவாலயம் இருக்கிறது. கட்டடக்கலை படிப்பவர்கள் உலகமெங்கிலும் இருந்து வந்து படம் பிடிப்பார்கள். அங்கே கூட்டிப்போனேன்.

"இன்னாடி இது, முறத்தைக் கவுத்து வெச்சாப்ல இருக்குது?" என்று கூரையைப் பார்த்துச் சிரித்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனாள். எங்கள் பக்கம் கோயிலுக்குள் யார் செருப்போடு போவார்கள்?

காவலாளி பின்னாலேயே வந்தார், கையில் அம்மாவின் செருப்போடு. வெறுங்காலோடு நடக்க அனுமதியில்லையாம். போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வெளியே போக வேண்டுமாம். காமிராக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போட்டுக்கோம்மா, வம்பு வேணாம்."

அம்மா செருப்பைப் பார்க்கவில்லை. அதைத் தூக்கிவந்த வெள்ளைக் கையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கடை வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதன்முதலாகச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக வந்தவளை டீக்கடையில் இருந்தவர்கள் மறித்தார்கள். சேரிப் பெண் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். அம்மா தூக்கவில்லை. வீட்டின்மேல் கல் விழுந்தது. மறுநாளும் செருப்போடுதான் பஸ்ஸுக்குப் போனாள்.

"அவன்கிட்ட சொல்லுடி," என்றாள் இப்போது. "கழட்டுன்னு சொன்ன தெருவுல போட்டுக்கினு நடந்தவ நானு. போடுன்னா மட்டும் போட்டுடுவனா? எங்க கழட்டணும்னு எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கு ஜெபம் பண்ணாம வெளிய வர மாட்டேன்." சொல்லிவிட்டு அங்கேயே முழங்கால் போட்டாள்.

ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். காமிராக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று கோபமாகவே சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியதோ, "செருப்பு காலைக் கடிக்கிறதா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"இல்லை மெஸ்யோ. இங்கே கடவுள் இருப்பதாக அம்மா நினைக்கிறார்."

நான் கையை நீட்டினேன். "கொடுங்கள். யாரும் இதைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்."

செருப்பை வாசலில் வைத்தேன். என் பூட்ஸையும் கழற்றி அதன் பக்கத்தில் விட்டேன். தரை ஐஸாக இருந்தது. அம்மா மாதா ஜெபத்தைத் தொடங்கியிருந்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். பாதியில் எனக்குத் தமிழ் வார்த்தைகள் மறந்துவிட்டன. நிறுத்தவில்லை, அப்பாவுக்கான மிச்ச ஜெபத்தை உரத்த குரலில் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன்.