கேட்டு வாங்கத் தெரியாதவருக்கு ஒரு வாடகைக் கடை

சாமான்களை வாடகைக்கு விடும் கடை வைக்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் அறிவித்த அன்று, எங்கள் ஏணி எதிர்வீட்டில் இருந்தது. டிரில்லிங் மிஷின் பின்தெருவில் இருந்தது. ஸ்பேனர் செட் எங்கே இருக்கிறதென்று அந்த மனுஷனுக்கே தெரியாது. சிரிக்காமல் உட்கார்ந்து கேட்டதற்கே எனக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். ஆட்களைக் குறைத்தபோது கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி விடிவதற்குள் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். மணவாள நகரில் எங்கள் தெருமுனை வழியாகத்தான் கம்பெனி பஸ் போகும். அது போன சத்தம் கேட்டபிறகுதான் பேப்பரைப் பிரிப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

அந்த நேரம் பார்த்து டை கட்டிய ஒருவர் வந்து சேர்ந்தார். கலவை மிஷின், ஜெனரேட்டர், துளை போடும் மிஷின் எல்லாம் அவர்கள் கம்பெனி கொடுக்கும். நாம் பணம் கட்டிச் சேர்ந்து, கடை பிடித்து, அவர்கள் பெயரில் வாடகைக்கு விட வேண்டும். இதற்குப் பெயர் பிரான்சைஸ். கும்மிடிப்பூண்டி ஷெட்டுகள் முதல் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கட்டட வேலை வரை எல்லாம் உங்களுக்குத்தான் சார் என்றார். இவர் முகத்தில் பல்ப் எரிந்தது. ஆனால் கட்ட வேண்டிய தொகைக்கு இவர் கையில் இருந்தது போதவில்லை. மிச்சத்துக்கு, பொன்னேரிக்குப் பக்கத்தில் என் நைனா எனக்கு எழுதிவைத்த நிலத்தை விற்க வேண்டும்.

அந்த நிலத்தில் என் தம்பி பயிர் வைக்கிறான். அறுப்பு முடிந்தால் எங்கள் வாசலில் மூட்டை வந்து இறங்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கடை அரிசியை உலையில் போட்டதில்லை. அதை விற்று, இரவல் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற இந்த மகராசனிடம் தருவதா?

எங்கள் தெருவில் வாடகை என்பது வீட்டுக்கு மட்டும்தான். சாமான் என்றால் இரவல். வாங்கியதைச் சும்மா திருப்பித் தரக்கூடாது என்பது மட்டும் வழக்கம். கிண்ணமோ மிஷினோ, எதுவானாலும் அப்படித்தான். டிரில்லிங் மிஷின் பெட்டி முருங்கைக்காயோடு வரும். ஒருமுறை பழவேற்காட்டில் சொந்தம் உள்ள ஒரு வீட்டிலிருந்து கருவாட்டோடு வந்தது. அதன் பிறகு அந்த மிஷின் போட்ட ஓட்டைகூட கொஞ்ச நாள் மணத்தது.

"மொதல்ல எதிர்வீட்ல போயி நம்ம ஏணியை வாங்கிகினு வாங்க. அப்பால நிலத்தப் பத்திப் பேசலாம்" என்றேன்.

"இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து வந்தார். ஏணி இல்லை. சட்டையெல்லாம் பெயின்ட்.

"ஏணி இன்னாச்சு?"

"பெயின்ட் அடிச்சிகினு இருக்காங்க. பாதியில எப்டி கேக்கறது? நானும் கொஞ்சம் ஏணியப் புடிச்சிகினு நின்னேன்." பிறகு குரலை இறக்கி, "நம்ம ஊட்டு பிரஷ்ஷ எங்க வெச்சிருக்க?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். "கடையிலயும் இப்டித்தான் கேப்பீங்களா?"

"கடையில நான் எதுக்குக் கேக்கணும்? கம்ப்யூட்டரே மெசேஜ் அனுப்பும்."

"யாராச்சும் கேட்டா அந்தக் கம்ப்யூட்டரையும் குடுத்துட்டு வந்து நிப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் இன்னாதான் பண்றது? இந்த வராந்தாவுலயே குந்திகினு இருக்கறதா?" என்றார். நிலம் போனால் போகட்டும், கடை அரிசி தின்றால் தொண்டையில் இறங்காதா என்ன என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். நிலத்தை வாங்க ஆள் பார்க்கச் சொல்லி தம்பிக்குப் போன் போட்டேன். அவன் கத்தினான். நான் வைத்துவிட்டேன்.

கையெழுத்து வாங்க டைக்காரர் வந்த காலையில்தான் டிரில்லிங் மிஷின் வீடு திரும்பியிருந்தது. பெட்டிக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நானே பேனாவை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். டைக்காரரின் பார்வை பெட்டி மேல் விழுந்தது.

"சார், இந்த மிஷின ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? புது வீட்டுக்கு வந்திருக்கேன், டிவி மாட்டணும்."

"தாராளமா எட்துகினு போங்க." பேனா பிடித்த கையாலேயே பெட்டியைத் தள்ளினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, உங்க கம்பெனியில இல்லாத மிஷினா?"

"இருக்கு மேடம். ஆனா டெபாசிட் கட்டணும், வாடகை கட்டணும், லேட்டானா ஃபைன். ஒரே பேஜாரு. ரெண்டு ஓட்டைக்குப் போயி யாரு மேடம் வாடகை குடுப்பாங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முருங்கைக்காயைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை போன நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு அது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"அத்த வுடுங்க தம்பி. சொவத்துல ஓட்ட போடத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று தலையாட்டினார். போட்டிருந்த சட்டையோடு இவர் அவருடைய பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு போனார். பெட்டியை மடியில் வைத்திருந்தார். நான் தம்பிக்குப் போன் போட்டு, ஆள் பார்க்க வேண்டாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் ஒரு பை சப்போட்டாவோடு வந்தார். "கூலியும் குடுத்தாரு. மிஷினுக்கு வாணாம், வேலைக்குக் குடுங்கன்னு வாங்கிகினேன்" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நெஜமாவே நிலத்த வித்திருப்பியா?" என்று கேட்டார்.

"வித்திருப்பேன்."

பையில் நன்றாகப் பழுத்த சப்போட்டாவாகத் தேடி எடுத்து என் கையில் வைத்தார். பெட்டியைக் காணவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "மிஷின் எங்க?"

"அவுங்க பக்கத்து ஊட்ல ஃபேன் மாட்டணுமாம். அங்கயே குடுத்துட்டு வந்தேன்" என்று அசடு வழிந்தார். "நாளைக்கி நான்தான் போய் மாட்டணும். கொஞ்சம் எழுப்பிவுடு."

மறுநாள் கம்பெனி பஸ் தெருமுனையைக் கடந்தபோது அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.