கல்லறைப் படத்துக்கு ஒரு வரி

கிங்காவுக்கு எதையும் துருவிக் கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது. விஸ்லோக்கா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வலைத்தளங்கள் செய்து பிழைக்கிறவள். வேலையை முடித்ததும் சும்மா இருக்க மாட்டாள். மூக்குக் கண்ணாடியில் வெண்ணெய் தடவிக்கொண்டு தளத்தைப் படித்துப் பார்ப்பாள். கம்பளிக் கையுறையோடு கைப்பேசியைத் தட்டிப் பார்ப்பாள். மௌஸை அலமாரியில் பூட்டிவிட்டு வெறும் கீபோர்டோடு மல்லுக்கட்டுவாள். "கண்ணு மங்கலானவங்க, கை நடுங்குறவங்க எல்லாம் ஊர்ல இருக்காங்களா இல்லையா?" என்பாள். இருக்கிறார்கள்தான். அவர்களை நினைத்துத் தளம் செய்கிற ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

அப்பேர்ப்பட்டவளும் ஒரு முறை கோட்டை விட்டாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அவள் செய்த தளத்தில், இறந்தவர் பெயரைத் தட்டினால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும், பக்கத்தில் கல்லறையின் படமும் வரும். அக்டோபர் கடைசி. நவம்பர் முதல் தேதி இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவதற்காக ஊரே கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெனோன் போன் செய்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பார்வை போய் வெகுகாலம். திரையில் இருப்பதைக் கைப்பேசிதான் அவருக்குப் படித்துச் சொல்லும்.

"ஏம்மா, உன் தளம் 'புள்ளி, கல்லறைப் படம்'னு சொல்லுது. புள்ளிய வச்சு நான் என்ன பண்றது, மோந்து பாக்குறதா?"

கிங்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ஆவல் விடவில்லை.

"யாரைத் தேடுறீங்க, ஐயா?"

"எங்க அண்ணன் யூலியனை. ஆப்பிள் தோட்டத்தைப் பங்கு போட்டதுல சண்டை. சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. அடக்கத்துக்குக்கூட நான் போகல."

"உங்க அக்கா மகள் போஷெனா கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?"

"அவளா! அவ பக்கத்துல நின்னா செத்தவங்களே காதைப் பொத்திக்குவாங்க. எனக்கு அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தனியா சொல்லணும். ஆள் இருந்தா எனக்கு வாய் வராதும்மா."

மறுநாளே கிங்கா கண்ணைச் சால்வையால் கட்டிக்கொண்டு, ஒரு குச்சியோடு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். செவ்வந்தி விற்கிற பெண் "காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்று சிரித்தாள். கிங்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரளைக்கல் ஒரு சத்தம், சிமென்ட் பாதை வேறு சத்தம். உருகும் மெழுகு ஒரு வாசனை, ஈர இலை வேறு வாசனை. இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே இருந்தது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் வழியை வார்த்தைகளாக எழுதினாள்: செவ்வந்தி மணக்கும் கடை வந்ததும் இடப்பக்கம் திரும்பவும், குழாயின் இரும்புத்தூண் கையில் பட்டதும் வலப்பக்கம்.

முதல் தேதி ஜெனோன் போஷெனாவோடு போய்ப் பெற்றோருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தார். அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் தனியாகக் கிளம்பினார். கடையைக் காணோம். அந்தக் கடைகள் ஒரு வாரத்துக்குத்தான் என்பது அந்த ஊரில் பிறந்த கிங்காவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஊரே அந்த ஒரு வாரம்தான் கல்லறைக்குப் போகிறது. கல்லறை என்றாலே செவ்வந்திக் கடையும் இருக்கும் என்று அவள் மண்டையில் ஊறிப்போயிருந்தது. ஜெனோன் நேரே நடந்து, பின்சுவரில் முட்டிக்கொண்டு, குளிரில் நின்றபடி போன் செய்தார்.

"உன் செவ்வந்தி ஓடிப்போச்சும்மா."

கிங்கா அலறியடித்துக்கொண்டு வந்தாள். "என் கையைப் பிடிச்சுக்கோங்க ஐயா, நானே கொண்டுபோய் விடுறேன்."

"வேணாம். வாசல்ல கொண்டுபோய் விடு, போதும். வழிய மாத்தி எழுது, நான் நடந்துக்கறேன்."

வாசலில் நின்றபடியே திருத்தினாள்: சரளை முடிந்து சிமென்ட் தட்டுப்படும் இடத்தில் இடப்பக்கம். அவர் தடியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். என்ன சொல்லப் போகிறார்? மன்னிப்புக் கேட்பாரா, திட்டித் தீர்ப்பாரா? நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கத் துடித்த கால்களை அடக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெகுநேரம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கண்டுபிடிச்சீங்களா, ஐயா?"

"விரலால தடவிப் படிச்சேன். யூலியன்னு இருந்துச்சு. பொறந்த வருசம், போன வருசம். அதுக்குக் கீழ இன்னொரு பேரு."

"யாரோடது?"

"என்னோடது. பொறந்த வருசம் மட்டும் வெட்டியிருக்கு. பக்கத்துல காலி. உயிரோட இருக்கப்பவே அந்தக் கல்லை வாங்கி வச்சிருக்கான், படுபாவி."

ஒரே கல்லில் உயிரோடிருப்பவர் பெயரையும் சேர்த்து வெட்டிவைப்பது அங்கே புதிதல்ல. தம்பிக்கும் சேர்த்து இடம் வாங்கியிருக்கிறான் அண்ணன்.

"போஷெனா பாத்திருக்கா. ஊரே பாத்திருக்கு. ஒருத்தர் வாயத் திறக்கலியேம்மா."

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். கண்ணெதிரே இருப்பதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? அந்தக் கல்லின் படம் கிங்காவின் தளத்திலேயே இருந்தது. பார்க்க முடியாதவர்களுக்குக் கைப்பேசி படித்துச் சொல்ல, படத்துக்கு ஒரு வரி எழுத வேண்டியது அவள்தான். சோம்பல்பட்டு, எல்லாப் படத்துக்கும் 'கல்லறைப் படம்' என்றே எழுதியிருந்தாள்.

"நீங்க சொல்ல வந்ததைச் சொன்னீங்களா?"

"எங்க சொல்ல விட்டான்? அவன்தான் முந்திக்கிட்டானே."

கிங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே அந்த வரியை மாற்றினாள். ஜெனோன் தன் கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டார். அது உணர்ச்சியில்லாத குரலில் படித்தது: "கறுப்புக் கல். மேலே அண்ணன் யூலியன். கீழே தம்பி ஜெனோன், பிறந்த ஆண்டு மட்டும்."

"இன்னொரு தடவ படிக்க வைக்கணும்னா எத அமுக்கணும்?" என்று கேட்டார். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.